கைப்பேசிக்குள் வந்த கடனும் நம்ம தீர்மான நோட்டும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது. உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டபடி பேச்சு நடையிலேயே எழுதித் தரப்பட்டுள்ளது.)



"மாறி வரும் காலமும் மகளிரும்" என்று தலைப்பு கொடுத்திருக்காங்க. அரசியல், வேலை, தொழில்நுட்பம், சமுதாயம் எல்லாத்தையும் 20 நிமிசத்துல பேசணுமாம். அந்த அளவுக்குப் படிச்சவ நான் இல்லீங்க. குழுவுல கணக்கு எழுதி, அப்புறம் கூட்டமைப்புல கணக்குப் பார்த்தே தலை நரைச்சவ. அதனால எனக்குத் தெரிஞ்ச வழியிலதான் போகணும். வெளியில எந்த மாற்றம் வந்தாலும் அது நம்ம வீட்டுக்குள்ள எப்படி நுழையுதுன்னு பார்த்தா, பாதி நேரம் கடனாத்தான் நுழையுது. தறி மாறினா கடன், பையன் காலேஜ் சேர்ந்தா கடன், புது போன் வாங்கினா தவணை. அதனால கடனை வெச்சே காலத்தைப் பார்த்துருவோம்.

நம்ம ஊர்ல கடனுக்கு ஒரு பழைய பேர் இருக்கு. பாக்கி. இளசுங்களுக்கு அது அவ்வளவா தெரியாது. தறி ஓட்ட ஆள் சேரும்போது பட்டறைக்காரர் கொடுக்கிற முன்பணம்தான் பாக்கி. கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரின்னு மேல மேல வாங்கி அது ஏறும். வேற பட்டறைக்குப் போகணும்னா புது முதலாளி அந்தப் பாக்கியைப் பழைய முதலாளிக்குக் கட்டிட்டு ஆளைக் கூட்டிட்டுப் போவார். பாக்கி அப்படியே இருக்கும், பட்டறை மட்டும் மாறும். புருசன் தறி ஓட்ட, பொண்டாட்டி தார் சுத்த, ரெண்டு பேர் உழைப்பும் ஒரே பாக்கிக்குள்ள அடங்கிரும். முன்பணத்துக்காக ஆளைக் கட்டிப்போட்டு வேலை வாங்கக் கூடாதுன்னு 1976லயே கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தாச்சு. அதுக்கப்புறமும் இங்கே பாக்கி பல வருசம் ஓடுச்சு. கீர்ட் டி நீவ் என்கிற வெளிநாட்டு ஆராய்ச்சியாளர் 1990கள்ல நம்ம குமாரபாளையத்துப் பட்டறைகளைப் பார்த்து, இந்தப் பாக்கியைப் பத்தியே 1999ல ஒரு கட்டுரை எழுதினார். முதலாளி கட்டிப்போடுறதை மட்டும் அவர் எழுதல. தொழிலாளியே பாக்கி கேட்டு வாங்கினதையும், எதிர்த்து நின்னதையும் சேர்த்துத்தான் எழுதினார். நாம பார்த்ததும் அதுதானே? ஆள் கிடைக்காத காலத்துல பாக்கி கேட்டுப் பேரம் பேசினவங்க நம்ம வீட்டு ஆம்பளைங்கதான்.

பாக்கி நல்லதுன்னு நான் சொல்ல வரல. அதுக்கு ஒரு முகம் இருந்துச்சு, அவ்வளவுதான். யார்கிட்ட வாங்கினோம், எவ்வளவு வாங்கினோம், எந்த நோட்டுல எழுதியிருக்குன்னு தெரியும். அந்த முதலாளி வீட்டு வாசல்ல போய் நின்னு ஒரு வார்த்தை கேட்க முடியும். சண்டை கூடப் போட முடியும்.

அதுக்கப்புறம் வந்ததுதான் நம்ம குழு. 1989ல பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தோட உதவியில, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் தருமபுரி மாவட்டத்துல குழுக்களை ஆரம்பிச்சுது. அப்புறம் சேலம் மாவட்டத்துக்கும் வந்துச்சு. அப்போ நாம சேலம் மாவட்டம்தான். நாமக்கல் தனியாப் பிரிஞ்சது 1997ல. நடுவுல 1992ல நபார்டு வங்கி, குழுக்களை வங்கியோட இணைக்கிற திட்டத்தைச் சோதனையா ஆரம்பிச்சுது. இந்த வருசம் எல்லாம் மனப்பாடம் பண்ண வேண்டியதில்லை. அதுல என்ன புதுசா இருந்துச்சுங்கிறதைத்தான் பார்க்கணும்.

குழுவுல கடன் கேட்டா, கூடி உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் ஒரு கேள்வி கேட்பாங்க. "எதுக்கு?" அந்தக் கேள்வி சில நேரம் கோபத்தைக் கிளப்பும். எங்க குழுவுல ஒரு அக்கா, மக சீருக்கு 20,000 கேட்டாங்க. "ஏங்க்கா, போன வருசம் வாங்கினதே பாதி நிக்குதே, சீரைக் கொஞ்சம் சுருக்கினா என்ன?"ன்னு ஒருத்தி கேட்டுட்டா. அக்கா ரெண்டு கூட்டத்துக்கு வரவே இல்ல. மூணாவது கூட்டத்துக்கு வந்து, "12,000 குடுங்க, போதும்"னாங்க. யாரும் வாயைத் திறக்கல. தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொடுத்துட்டோம். அந்த மாதிரிக் கேள்வி கேட்கிற உரிமை ஒருத்திக்கு எப்படி வந்துச்சு? அவளும் நாளைக்கு அதே பாய்ல உட்கார்ந்து அதே கேள்விக்குப் பதில் சொல்லப் போறவ.

இன்னைக்குக் கடன் கொடுக்கிற யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கிறதில்லை. காலம் மாறிடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்களே, என் கண்ணுக்குப் பட்ட பெரிய மாற்றம் இதுதான்.

நுண்கடன் நிறுவனங்கள் நம்ம தெருவுக்கு எப்படி வந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். வங்காளதேசத்துல கிராமீன் வங்கி ஏழைப் பெண்களுக்குப் பிணை இல்லாமக் கடன் கொடுத்ததுக்காக, அந்த வங்கிக்கும் முகமது யூனுசுக்கும் 2006ல நோபல் அமைதிப் பரிசு கிடைச்சுது. நல்ல யோசனை. ஆனா அது லாபம் பார்க்கிற தொழிலா மாறினப்போ என்ன ஆச்சுன்னு ஆந்திராவைப் பார்த்துத் தெரிஞ்சுக்கலாம். 2010ல அங்கே ஒரே பெண் மேல பல நிறுவனங்கள் கடனை அடுக்கி, வசூல் கெடுபிடியில உயிர்களே போய், கடைசியில மாநில அரசு அவசரச் சட்டம் போட்டு நிறுத்த வேண்டி வந்துச்சு.

நம்ம தெருவுல அவங்களும் "குழு"ங்கிற வார்த்தையைத்தான் பயன்படுத்துறாங்க. "அஞ்சு பேர் சேருங்க, குழுக்கடன்." ஆனா அந்தக் குழுவுக்குச் சேமிப்பு கிடையாது, தீர்மான நோட்டு கிடையாது, தலைவியை மாத்துற உரிமை கிடையாது. ஒருத்தி கட்டலைன்னா மத்த நாலு பேர் போய் அவ வாசல்ல உட்காரணும். கேள்வி கேட்க வேண்டிய தோழியை வசூல்காரியா மாத்திருச்சு அந்த முறை. என் தெருவுல அக்கா தங்கையாப் பழகின ரெண்டு பேர் 1,150 ரூபாய்த் தவணைக்காகப் பேச்சை நிறுத்திட்டாங்க. ஆடி 18க்குக் காவிரிக்குப் போனாக்கூட ஆளுக்கொரு படித்துறைதான்.

எல்லா நுண்கடனும் கெடுதல்னு நான் சொன்னா அது பொய். அந்தப் பணத்துல தையல் மிஷின் வாங்கி நிமிர்ந்தவங்க இந்தப் பந்தலுக்குள்ளயே இருக்காங்க. எதுக்கு வாங்கினோம், எவ்வளவு வருமானத்தை நம்பி வாங்கினோம்னு தெரிஞ்சு வாங்கினவங்க அவங்க. மத்தவங்களுக்காக ஒரு கணக்குப் போடுவோம்.

40,000 ரூபாய் கடன், 24 மாசம், "வருசத்துக்கு 12 சதவீதம்தாங்க"ன்னு சொல்றாங்க. ஃபிளாட் வட்டின்னா வருசத்துக்கு 4,800, ரெண்டு வருசத்துக்கு 9,600. மாசத் தவணை 2,067 ரூபாய் வரும். இதுல கண்ணுக்குத் தெரியாதது என்னன்னா, நீங்க மாசாமாசம் அசலைத் திருப்பிக் கட்டிட்டே வர்றீங்க. ஆனா வட்டி மட்டும் கடைசி மாசம் வரைக்கும் முழு 40,000க்கே ஓடுது. குறையும் அசலுக்குக் கணக்குப் பார்த்தா அது 12 சதவீதம் இல்ல, 21 சதவீதத்துக்கு மேல. அதே 40,000த்தை நம்ம குழுவுல நூத்துக்கு மாசம் 1 ரூபாய் வட்டிக்கு, குறையும் அசல்ல, மாசாமாசம் ஒரே அளவு அசலோட 24 தவணையாக் கட்டினா மொத்த வட்டி 5,000. வித்தியாசம் 4,600 ரூபாய். அதோட, நாம கட்டின அந்த 5,000மும் குழுக் கணக்குலயே தங்கும், ஆள் தெரியாத ஊருக்குப் போகாது.

இப்போ போனுக்கு வருவோம். இந்தக் கடனுக்கு முகமே கிடையாது. படம் பார்த்துட்டு இருக்கும்போதே "5 நிமிசத்துல 5,000"னு விளம்பரம் வரும். ஆதார், பான், ஒரு செல்ஃபி. பணம் வந்துரும். 5,000 கேட்டா கைக்கு 3,500 வரும், மீதியைக் கட்டணம்னு பிடிச்சுக்குவாங்க. ஏழு நாள்ல 5,000 கட்டணும். சட்டத்துக்குப் புறம்பான ஆப்கள் பல பேரை ஏமாத்தின வழி இதுதான். 3,500க்கு ஒரு வாரத்துல 1,500 வட்டின்னா, நூத்துக்கு வாரம் 43 ரூபாய் ஆகுது. மீட்டர் வட்டிக்காரர் நூத்துக்கு மாசம் 10 ரூபாய் வாங்கினாலே ஊரே வையும். அவங்களை அடக்க 2003ல நம்ம மாநிலத்துல கந்துவட்டித் தடைச் சட்டமே வந்துச்சு. போனுக்குள்ள இருக்கிறவனை வைய எந்த வாசலுக்குப் போறது?

அதைவிட மோசம் வசூல். ஆப்பை ஏத்தும்போதே போன்ல இருக்கிற நம்பர், போட்டோ எல்லாத்துக்கும் அனுமதி வாங்கிக்குவாங்க. தவணை ஒரு நாள் தள்ளினா சம்பந்தி வீட்டுக்கும் வாத்தியாருக்கும் போன் போகும். படத்தை வேற உடம்போட ஒட்டி அனுப்புவேன்னு மிரட்டுவாங்க. காலேஜ் போற ஒரு பொண்ணு இப்படி மாட்டி, 3,500 ரூபாய்க்காக ஒரு மாசம் வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடந்தா. அவ அம்மா நம்ம கூட்டமைப்பு உறுப்பினர். வாராவாரம் குழுக் கூட்டத்துக்கு வந்தவங்க, ஆனா அங்கே ஒரு வார்த்தை சொல்லல. ஏன் சொல்லலைன்னு கேட்டேன். "சொன்னா எல்லாரும் எதுக்குன்னு கேப்பீங்களே"ன்னாங்க. அந்தப் பதில் என்னை இன்னும் தூங்க விடல. நாம கேட்ட கேள்வி காப்பாத்துறதுக்குப் பதிலா பயமுறுத்தியிருக்குன்னா, கேட்கிற விதத்தை நாம மாத்தித்தான் ஆகணும்.

அடுத்ததைப் பேசாம இருந்துரலாம்னு நினைச்சேன். ஆனா இந்த ஊர் மேடையில இதைப் பேசலைன்னா வேற எங்கே பேசுறது? 2025 ஜூலையில பள்ளிபாளையம் பேர் நாடு முழுக்கப் பத்திரிகையில வந்துச்சு. நம்ம பக்கத்து ஊர். கடன்ல சிக்கின விசைத்தறித் தொழிலாளர் குடும்பங்களைத் தரகர்கள் தேடிப் போய், சிறுநீரகத்தை விற்க வெச்ச புகார். அரசு விசாரணைக் குழு போட்டுச்சு. 2 தனியார் மருத்துவமனைகளோட உறுப்பு மாற்று அனுமதி ரத்தாச்சு. ஆகஸ்டுல உயர் நீதிமன்றத்தோட மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைச்சுது. நம்ம பகுதிக்கு இந்தப் புகார் முதல் தடவையும் இல்ல. 1994 சட்டப்படி உறுப்பை விலைக்கு வாங்குறதும் குற்றம், விற்கிறதும் குற்றம். அதனாலதான் ஏமாந்தவங்க போலீஸ் ஸ்டேசன் வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துர்றாங்க. பேசின தொகை முழுசா வரலைன்னாலும் யார்கிட்டயும் சொல்ல முடியாது. தரகர் தேடி வர்றது பெரும்பாலும் யாரைன்னா, கடனை யார்கிட்டயும் சொல்லாம வெச்சிருக்கிற வீட்டைத்தான். ஊர்ல பேரைக் கெடுக்காதீங்கன்னு சில பெரியவங்க சொல்றாங்க. பேர் கெட்டது பேசினதாலயா?

இவ்வளவு கடன் ஏன் வருதுன்னா சோம்பேறித்தனம், ஆடம்பரம்னு சொல்றவங்க உண்டு. எனக்கு அதுல சம்மதம் இல்ல. தறியைப் பாருங்க. பழைய தறிகள் எடைக்குப் போயிட்டு இருக்கு. தானியங்கித் தறி வந்த இடத்துல ஒரே ஆள் பல தறியைப் பார்க்கிறார். 2023 மார்ச்சுல இருந்து விசைத்தறிக்கு ரெண்டு மாசத்துக்கு 1,000 யூனிட் மின்சாரம் இலவசம்னு ஆச்சு. அது சின்னப் பட்டறைக்கு உதவிதான். ஆனா நூல் விலை ஏறி, துணி தேங்கி, தறி நின்னா அந்த யூனிட்டால என்ன பிரயோசனம்? ஒரு வாரம் ஆறு நாள் வேலை, அடுத்த வாரம் மூணு நாள். கூலி இப்படி ஏறி இறங்குது. தவணை மட்டும் வாராவாரம் அதே கிழமை, அதே தொகை. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற பள்ளத்தை மூடத்தான் அடுத்த கடன் வாங்குறோம்.

2025 நவம்பர் 21ல இருந்து பழைய 29 தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலா 4 தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்திருக்கு. எல்லாத் தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் கொடுக்கணும்னு சொல்றாங்க. கையில நியமனக் கடிதம் வெச்சிருக்கிற தார் சுத்துற அக்கா யாராவது இருந்தா கையைத் தூக்குங்க. (சிரிப்பு) சரி, வரட்டும், பார்க்கலாம். அதுவரைக்கும் இ-ஷ்ரம் அட்டை எடுக்காதவங்க எடுத்து வெச்சுக்கங்க. 16 வயசுல இருந்து 59 வரைக்கும் எடுக்கலாம்.

அரசியலைப் பத்தி ரெண்டு வார்த்தை. 2023 செப்டம்பர் 15ல இருந்து கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாசம் 1,000 ரூபாய் நம்ம கணக்குல விழுது. கர்நாடகம், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம்னு பல மாநிலத்துலயும் இப்போ பெண்கள் கணக்குக்கு நேரடியாப் பணம் போகுது. எந்தக் கட்சியும் இனிமே நம்மளைக் கணக்குல எடுக்காம இருக்க முடியாது. அது நல்லதுதான். அந்தத் திட்டத்துக்கு உதவித் தொகைன்னு பேர் வைக்கல, உரிமைத் தொகைன்னு வெச்சிருக்காங்க. ஆரம்பத்துல சில வங்கிகள் அந்தப் பணத்தைப் பழைய பாக்கிக்குப் பிடிச்சப்போ, அப்படிப் பிடிக்கக் கூடாதுன்னு நிதியமைச்சர் தங்கம் தென்னரசு வங்கிகளை எச்சரிச்சார். வங்கி பிடிக்கலைன்னாலும் தவணைக்காரர் அந்தத் தேதியைத் தெரிஞ்சு வெச்சிருக்காரே. ஓட்டுக் கேட்டு வர்றவங்ககிட்ட எவ்வளவு தருவீங்கன்னு மட்டும் கேட்காம, எங்க குழுவுக்கு வங்கிக் கடன் ஏன் ஆறு மாசம் இழுக்குதுன்னும் கேளுங்க. குழுவுக்கு 10 லட்சம் வரைக்கும் பிணை கேட்கக் கூடாதுங்கிறது ரிசர்வ் வங்கி உத்தரவு. வங்கி சீக்கிரம் கொடுத்திருந்தா பாதிப் பேர் வெளியில போயிருக்கவே மாட்டாங்க. மேலாளர் ஐயா இங்கேயே இருக்கீங்க, தப்பா எடுத்துக்காதீங்க.

இப்போ கொஞ்சம் கவனமாக் கேளுங்க. நோட்டு இருக்கிறவங்க எழுதிக்கங்க.

நுண்கடனுக்கு 2022 ஏப்ரல் 1ல இருந்து ரிசர்வ் வங்கி விதி இருக்கு. வருச வருமானம் 3 லட்சம் வரைக்கும் உள்ள குடும்பத்துக்குப் பிணை இல்லாமக் கொடுக்கிற கடன்தான் நுண்கடன். அந்தக் குடும்பத்தோட எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாசத் தவணை, மாச வருமானத்துல பாதியைத் தாண்டக் கூடாது. 18,000 வருமானம்னா 9,000க்கு மேல தவணை வர்ற மாதிரி எந்த நிறுவனமும் புதுக் கடன் கொடுக்கக் கூடாது. பின்னே எப்படிக் கொடுக்கிறாங்க? வருமானத்தைக் கூட்டி எழுதுவாங்க. "30,000னு போட்டுக்கலாம்க்கா, அப்போதான் பாஸ் ஆகும்"னு சொல்லும்போது நாமளும் தலையாட்டுறோம். அந்த ஒரு பொய்யால நமக்குக் காவலா இருக்கிற விதியை நாமளே கழட்டி வெச்சிர்றோம்.

கடன் அட்டை நமக்குப் புரியிற மொழியில இருக்கணும். எல்லாக் கட்டணமும் சேர்த்து வருச வட்டி எவ்வளவுன்னு எழுதின தாள் கொடுக்கணும். முன்கூட்டியே கட்டி முடிச்சா அபராதம் கிடையாது. தவணை தள்ளினா, தள்ளின தொகைக்குத்தான் அபராதம் போடலாம், முழுக் கடனுக்கும் போட முடியாது. காப்பீடோ வேற பொருளோ நம்ம சம்மதம் இல்லாம நம்ம தலையில கட்டக் கூடாது. வசூல், ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட இடத்துலதான் நடக்கணும். தொடர்ந்து ரெண்டு தடவையோ அதுக்கு மேலயோ நாம அங்கே வரலைன்னாத்தான் வீட்டுக்கோ வேலை செய்யிற இடத்துக்கோ வரலாம். காலை 9 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 6 மணிக்கு மேலயும் போன் போட்டுத் தொந்தரவு பண்ணக் கூடாது. கெட்ட வார்த்தை, மிரட்டல், சொந்தக்காரங்களைத் தொல்லை பண்றது, பேரை ஊரறியப் போடுறது எல்லாம் தப்பு. ராத்திரி 9 மணி வரைக்கும் வாசல்ல நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறவங்ககிட்ட இதைச் சொல்லுங்க. தனியாச் சொல்ல வேண்டாம், அஞ்சு பேராப் போய்ச் சொல்லுங்க.

ஆப் கடனுக்கு 2022 செப்டம்பர்ல விதி வந்துச்சு. போன்ல இருக்கிற நம்பர்களையும் படங்களையும் ஆப் தொடக் கூடாது. எந்த வங்கி, எந்த நிதி நிறுவனத்தோட கடன்னு காட்டணும். பணம் அங்கிருந்து நேரா நம்ம கணக்குக்குத்தான் வரணும். வாங்கின பிறகு மனசு மாறினா, குறிப்பிட்ட சில நாளுக்குள்ள அசலையும் அந்த நாளுக்கான வட்டியையும் திருப்பிக் கொடுத்துட்டு அபராதம் இல்லாம வெளியே வரலாம். 2025 ஜூலையில இருந்து, தன் கட்டுப்பாட்டுல இருக்கிற நிறுவனங்களோட கடன் ஆப் பட்டியலை ரிசர்வ் வங்கி தன் இணையதளத்துல போட்டிருக்கு. வீட்டுல படிக்கிற பிள்ளைங்களை விட்டுப் பார்க்கச் சொல்லுங்க. பட்டியல்ல இல்லாத ஆப்பைத் தொடவே வேண்டாம்.

நம்ம சட்டமன்றமும் 2025 ஏப்ரல்ல, வலுக்கட்டாய வசூலைத் தடுக்க ஒரு சட்டத்தை நிறைவேத்துச்சு. ஜூன்ல ஆளுநர் ஒப்புதலும் கிடைச்சுது. மிரட்டி வசூல் பண்ணினா 3 வருசம் வரைக்கும் சிறை, 5 லட்சம் வரைக்கும் அபராதம். போன் மிரட்டல், பணமோசடின்னா 1930. வங்கி, நிதி நிறுவனங்கள் மேல புகாருக்கு ரிசர்வ் வங்கியோட 14448. பெண்களுக்கான உதவி எண் 181. மிரட்டல் மெசேஜை அழிக்காதீங்க, படம் எடுத்து வெச்சுக்கங்க.

கடைசியா, கூட்டமைப்பு செயற்குழுவுல பேசி முடிவு பண்ணினதைச் சொல்றேன். வர்ற மாசத்துல இருந்து ஒவ்வொரு குழுவோட நோட்டுலயும் "வெளிக்கடன்"னு ஒரு பக்கம் ஒதுக்குறோம். ஒவ்வொரு உறுப்பினருக்கும் வெளியில எங்கெங்கே கடன் இருக்கு, தவணை எவ்வளவு, எந்தக் கிழமை, இன்னும் எத்தனை பாக்கி. அவ்வளவுதான். எதுக்கு வாங்கினேங்கிற கலம் அதுல கிடையாது. அதை வேணும்னேதான் விட்டிருக்கோம். பழைய கடனை எதுக்குன்னு கேட்டு இனி ஒண்ணும் ஆகப் போறதில்லை. புதுக் கடன் வாங்குறதுக்கு முன்னாடி கேட்டாப் போதும்.

இதுக்கு எதிர்ப்பும் வந்துச்சு. "வெளிக்கடனை எழுதினா குழுவுல கடன் தரமாட்டீங்க"ன்னு ஒரு தங்கச்சி நேராவே கேட்டுச்சு. நியாயமான பயம். அதனால, வெளிக்கடன் இருக்குன்னு எழுதினதுக்காக யாருக்கும் உள்கடன் மறுக்கக் கூடாதுன்னு தீர்மானமே போட்டிருக்கோம். வட்டி கூடின வெளிக்கடனை முடிக்கக் கேட்கிறவங்களுக்குத்தான் முதல்ல கொடுக்கணும்னும் போட்டிருக்கோம். "வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா வம்பு"ன்னு இன்னொரு அக்கா சொன்னாங்க. அந்தப் பக்கம் குழுவை விட்டு வெளியே போகாது. ஊக்குநர் கையிலயே இருக்கும். இன்னொண்ணும் இருக்குங்க. நமக்கே தெரியாம நம்ம பேர்ல கடன் இருக்கிறது உண்டு. வீட்டுல யாரோ ஆதாரைக் கொடுத்து வாங்கியிருப்பாங்க. சிபில் மாதிரியான கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொண்ணும் வருசத்துக்கு ஒரு தடவை முழு அறிக்கையை இலவசமாக் கொடுத்தாகணும். கூட்டமைப்பு அலுவலகத்துல கணினி இருக்கு. செவ்வாய், வெள்ளி மத்தியானம் ஆதார், பான் அட்டையோட, ஓடிபி வர்ற போனையும் எடுத்துட்டு வாங்க, எடுத்துத் தர்றோம். காசு கேட்டு எடுத்துத் தர்ற கடைக்குப் போகாதீங்க.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது எல்லாக் கடன் அட்டையையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வந்துருங்க. கிழிஞ்சிருந்தாலும் பரவாயில்லை. எழுதத் தெரியாதவங்களுக்கு எழுதித் தர ஒவ்வொரு பகுதிக்கும் ரெண்டு பேரை நியமிச்சிருக்கோம், அவங்க பேர் வாசல் பக்கத்துப் பலகையில ஒட்டியிருக்கு. வெளிக்கடன் பக்கத்தோட மாதிரித் தாள் அந்த மேசையில இருக்கு, போகும்போது குழுவுக்கு ஒண்ணு எடுத்துக்கங்க. சாப்பாடு தயாராயிருச்சுன்னு பின்னாடி இருந்து கை காட்டுறாங்க.